அப்பாவின் சர்க்கரை நோட்டு

போன வாரம் மில்லியை ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கையில் ஒரு நீல அட்டை நோட்டோடு நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

வாரம் தவறாமல் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்; புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மில்லி என்பது தம்பிக்காரன் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் பழச்சாறு பங்கு போட்டால் இரண்டு டம்ளரையும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு மில்லி கூடக்குறைய இருந்தாலும் வீடு அமளிதுமளிப்படும். வளர்ந்த பிறகு அந்தக் குணத்தையே உத்தியோகமாக்கிக்கொண்டாள். கடை கடையாய்ப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். அவள் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். அம்மா தையல்காரி, முன்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டிருக்கிறாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக், அப்பா அம்மாவோடு இருக்கிறான். மில்லி கல்யாணமாகி மூன்று தெரு தள்ளி இருக்கிறாள்.

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஐந்து மாதத்துக்கு முன் வலது நுரையீரலின் மேல் பகுதியில் புற்றுநோய்க் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. கீமோ கொடுத்தார்கள், கட்டி சுருங்கியது. வருகிற திங்கட்கிழமை அந்தப் பகுதியையே அறுத்து எடுத்துவிடுவதாக ஏற்பாடு. இன்று வியாழன்.

எல்லாம் சரியாய்ப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இந்த ரத்தப் பரிசோதனை வந்து குறுக்கே படுத்தது.

"முந்நூத்தி முப்பத்தெட்டு" என்றார் சர்ஜன் அம்மா. ஐம்பது வயதிருக்கும், எதையும் அவசரப்படாமல் சொல்கிறவர். "சரி, ஆபரேஷன் பயத்துல ஏறியிருக்கும்னே வெச்சுக்குவோம். ஆனா மூணு மாச சராசரியைக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அது பத்தரைன்னு வந்திருக்கு. பயந்தா ஏறுற டெஸ்ட் இல்லம்மா அது."

"பத்தரைன்னா?"

"மூணு மாசமா இவருக்குச் சராசரியா இருநூத்தம்பதுக்கு மேல ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்."

மில்லி நீல நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். தொண்ணூறு நாளாகத் தினமும் காலை ஆறு மணி, வெறும் வயிறு. வீட்டிலிருக்கும் சின்ன மெஷினில் விரல் ரத்தத்தைச் சோதித்து எழுதியது. முதல் பக்கத்தில் 108, 112, 110. நடுவில் 121, 119, 124. கடைசிப் பக்கத்தில் 138, 141, 146. ஒருநாள் விடாமல், அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில். அன்றாடம் காலையில் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால்தான் மில்லி அன்றைக்கு வேலைக்கே கிளம்புவாள்.

"இது இவர் நோட்டுதானே?" என்று கேட்டார் சர்ஜன் அம்மா.

"இவர் நோட்டுதான் டாக்டர்."

"கீமோ நடந்தப்ப இங்க எடுத்த டெஸ்ட்லயும் ஏறித்தான் இருந்துச்சு. கூடக் கொடுக்கற ஸ்டீராய்டு பண்ற வேலைன்னு விட்டுட்டோம். ஏன்னா வீட்டு நோட்டு இவ்வளவு அழகா இருந்துச்சு." அவர் நோட்டை மூடி அவள் பக்கமே தள்ளினார். "இதை நம்பினது எங்க தப்பும்தான்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நிறமென்று யோசிப்பதைப்போல அவ்வளவு கவனமாகப் பார்த்தார். பக்கத்தில் அம்மா கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தாள்.

"திங்கக்கிழமை பண்ண முடியாது" என்றார் சர்ஜன் அம்மா. "இந்த அளவுல கத்தி வெச்சா காயம் ஆறாது, சீழ் பிடிக்கும், நெஞ்சுல சளி கட்டும். ரொம்பத் தள்ளிப் போடவும் எனக்கு இஷ்டமில்ல. கட்டி இப்ப சுருங்கி நிக்குது. அப்படியே நிக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பன்னெண்டு நாள் தரேன். மூணு மாச சராசரி அதுக்குள்ள இறங்காது, எனக்கே தெரியும். ஆனா தினசரி அளவு நூத்தி எண்பதுக்குள்ள வந்து நிக்கணும். இன்சுலின் எழுதறேன்."

மற்றவர்களாயிருந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். மில்லிக்கு உள்ளே ஒரு கேள்வி முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் கேட்கலாமா கூடாதா என்று ஒரு நிமிஷம் தவித்தாள். கேட்டேவிட்டாள்.

"டாக்டர், சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தா, மத்தவங்களைவிட ஆயுசு கம்மியா?"

அப்பா சட்டென்று கூரையிலிருந்து இறங்கி வந்தார்.

சர்ஜன் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி. பதில்தான் சுத்தமா இல்ல. நிறைய ஆராய்ச்சியில சர்க்கரை இருக்கிறவங்க கொஞ்சம் சீக்கிரம் போயிடறாங்கன்னு வந்திருக்கு. சிலதுல வித்தியாசமே இல்ல. அங்கங்க ஒண்ணு ரெண்டுல அவங்கதான் கூடுதல் நாள் இருந்திருக்காங்க."

"பார்த்தியா!" என்றார் அப்பா.

என்ன பார்த்தியா? யாரைப் பார்த்தியா? மில்லி திரும்பினாள். அவர் மறுபடியும் கூரைக்கு ஏறிவிட்டார்.

"எப்படி டாக்டர் அப்படி மூணு விதமா வரும்?"

"ஆளுங்க வேற, கட்டியோட கட்டம் வேற, சாப்பிடற மாத்திரை வேற. கூட வேற என்னென்ன வியாதி இருக்குங்கறதும் சேரும். சில காரணம் எங்களுக்கே தெரியல. ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். இவரு மத்தவங்க கணக்குல போய் உக்கார வேண்டியதில்ல. இவரோட சர்க்கரை இவர் கையிலதான் இருக்கு."

வெளியே வந்ததும் அம்மா பாட்டிலில் மறுபடியும் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஆஸ்பத்திரி ஏசி தொண்டையை வறட்டுகிறதாம்.

வாடகைக் காரில் வரும் வழியெல்லாம் மில்லி நோட்டின் எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகை வரவில்லை, கோபமும் இன்னும் வரவில்லை. முதலில் வந்தது ஆச்சரியம். அவள் பார்க்கிற தொழிலில் இரண்டு கருவி இரண்டு அளவு சொன்னால், ஒன்று பொய் சொல்கிறது என்று பொருள். எது என்று தெரிகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் அலமாரியிலிருந்த சர்க்கரை மெஷினை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். உடுப்பில் கிரீஸ் கறை, கையில் ரொட்டி.

"என்னக்கா, திங்கக்கிழமைதானே?"

"இல்லடா. பன்னெண்டு நாள் தள்ளிப் போச்சு. சர்க்கரை முந்நூத்தி முப்பத்தெட்டு."

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். "யாருக்கு?"

"உனக்கும் எனக்குமா ஆபரேஷன்? அப்பாவுக்குத்தான்டா."

"நோட்டுல நல்லாத்தானே வந்துட்டிருந்துச்சு?"

"அதைத்தான் பார்க்கப் போறேன். உக்காரு."

முதலில் மெஷினின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தாள். தேதி வாரியாக இருந்தது. நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். 146க்கு 146. 141க்கு 141. ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஆக, யாரும் மனம்போனபடி எழுதவில்லை.

அப்படியானால் மெஷின் கோளாறு. தன் விரலிலேயே குத்தி ஒரு சொட்டு வைத்தாள். 94. போன மாதம் அலுவலகத்து மருத்துவ முகாமில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதேதான். அடுத்து தம்பியின் கையை இழுத்தாள்.

"ஐயோ, சாப்பிட்டுட்டிருக்கேன்க்கா!"

"சாப்பிட்டா கொஞ்சம் ஏறணும். அதையும் பார்ப்போம்."

அவனுக்கு 127. ரொட்டியும் ஜாமும் தின்றவனுக்கு நியாயமான கணக்குதான். பெட்டியோடு வந்திருந்த சோதனைத் திரவத்தையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். குப்பியின் மேல் அச்சடித்திருந்த அளவுக்குள் மெஷின் சமர்த்தாய் நின்றது.

"மெஷின் சரி" என்றாள் மில்லி, தனக்குத்தானே பேசுவதுபோல. "எழுதினதும் சரி. அப்ப தட்டுல வெச்ச சரக்குதான் வேற."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்பா, கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா காட்டுங்களேன்."

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகினார். ஆறடி மனிதர், கம்ப்ரஸர் இரைச்சலில் ஒரு பட்டறையையே அதட்டி ஆண்டவர். ஊசி என்றால் மட்டும் குழந்தையைவிட மோசம். கீமோவுக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் நர்ஸிடம் கதை பேசிப் பேசி நேரத்தைக் கடத்தப் பார்ப்பார்.

மில்லி விடவில்லை. வலது கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். விரல் நுனிகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். தேய்த்துத் தேய்த்து மெருகேறிய பெயின்டர் விரல்கள். ஒரு புள்ளி இல்லை. தொண்ணூறு நாள் காலையில் குத்தியதாய்ச் சொன்ன விரல்களில் ஒரே ஒரு புள்ளி இல்லை!

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, உன் கையைக் காட்டு."

"தையக்காரி கைல என்னடி இருக்கப் போகுது? ஊசி குத்தின அடையாளம்தான் இருக்கும்" என்றாள் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி.

அது பொய்யில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை நாள் வண்டி ஓடியிருக்கிறது. ஆனால் துணி தைக்கும்போது ஊசி விரல் நுனியின் நடுச்சதையில் குத்தும். சர்க்கரை பார்க்கிறவர்கள்தான் வலி தெரியாமலிருக்க விரல் நுனியின் ஓரத்தில் குத்துவார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் மில்லிதான். அம்மாவின் இடது கையில் நான்கு விரல்களின் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகள் எறும்பு வரிசை போட்டிருந்தன.

"ஏம்மா?" என்றாள். இப்போதுதான் கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "ஏம்மா இப்படிப் பண்ணினே? விளையாட்டா இது? திங்கக்கிழமை அந்தச் சனியன் பிடிச்ச கட்டி வெளியே வந்திருக்கும்!"

"அவளைத் திட்டாதே" என்றார் அப்பா முன்னறையிலிருந்து. "நான்தான் அவ விரலைக் கேட்டேன்."

மில்லி திரும்பி வந்தாள். "சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பு செய்தவர் முகமே இல்லை. பெரிய கண்டுபிடிப்பொன்றை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த விஞ்ஞானி முகம். "உன் தம்பியைக் கேளு. அவன்தான் படிச்சான்."

"நானா?" தம்பி வெலவெலத்துப் போனான்.

"நீதான்டா. முதல் கீமோ முடிஞ்சு படுத்திருந்தேன். ஃபோனைப் பார்த்து என்ன படிச்சே? ஏதோ ஒரு நாட்டுல கணக்கெடுத்தாங்களாம். இந்த நோய் வந்தவங்கள்ல சர்க்கரை இருக்கிறவங்க, இல்லாதவங்களைவிட அதிக நாள் இருந்தாங்கன்னு. படிச்சியா இல்லியா?"

"ஐயோ அப்பா! உங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கட்டுமேன்னு படிச்சேன். தலைப்பை மட்டும்தான் படிச்சேன்!"

"தலைப்பே போதும். நான் யோசிச்சேன். சர்க்கரை இருக்கிறவன் அதிக நாள் இருக்கான்னா, சர்க்கரை நம்மளைக் காவல் காக்குது. காவல்காரனை எவனாவது மாத்திரை போட்டு விரட்டுவானா? நிறுத்திட்டேன்."

பெயின்டர் மேலும் சொன்னார், இன்னும் அழுத்தமாக.

"இதுல எனக்குச் சாட்சியும் இருக்கு. இந்தக் கட்டி எப்படித் தெரிஞ்சுது? கால்ல புண்ணு ஆறலன்னு சர்க்கரை டாக்டர்கிட்டப் போனேன். அவரு இருமலைப் பார்த்துட்டு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதினாரு. சர்க்கரை மட்டும் இல்லேன்னா நான் எந்த டாக்டர் வீட்டுப் படி ஏறப் போறேன்? கட்டி உள்ளேயே வளர்ந்து ஆளை முடிச்சிருக்கும். அந்தச் சர்க்கரைதான் என்னைக் காப்பாத்துச்சு. இன்னிக்கு அந்த டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னாங்க?"

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மில்லிக்கு வரவில்லை. அவளுக்கு ஒரு கணம் பிரமிப்பாகத்தான் இருந்தது. அப்பாவின் கணக்கில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் ஆளையே கவிழ்த்திருக்கிறது.

"மாத்திரையெல்லாம் எங்கே?"

அப்பா கண்ணால் பரணைக் காட்டினார். தம்பி ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பழைய பெயின்ட் டப்பாவை இறக்கினான். மூடியைத் திறந்தால் உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். எறிய மனசு வரவில்லையாம்; பொருளை வீணடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாதாம்.

"அப்பா" என்றாள் மில்லி, தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து. "உங்களைக் காப்பாத்தினது சர்க்கரை இல்லப்பா. சர்க்கரைக்காக நீங்க போன செக்கப்பு. அந்த நாட்டுக்காரங்களும் அதனாலேயே கூடுதல் நாள் இருந்திருக்கலாம். அடிக்கடி டாக்டரைப் பார்த்திருப்பாங்க, சீக்கிரம் தெரிஞ்சிருக்கும். இல்லே வேற ஏதோ காரணம். எனக்குத் தெரியாது, டாக்டருக்கே தெரியல. ஆனா மாத்திரையை நிறுத்தினவங்க அதிக நாள் இருந்தாங்கன்னு அதுல எங்கேயாவது போட்டிருந்துச்சா?"

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டினான், இல்லையென்று.

"உங்க பட்டறைக்கு ஒரு வண்டி வருது. கதவு நசுங்கியிருக்கு. தட்டி நிமிர்த்தாம, அந்தப் பள்ளத்துல பட்டிப் பசையை அப்பி, மேலே பளபளன்னு பெயின்ட் அடிச்சுக் கொடுப்பீங்களா?"

"சீ!" என்றார் அப்பா. உண்மையிலேயே அருவருத்துவிட்டார். "அது திருட்டு வேலை. ஆறு மாசத்துல பெயர்ந்துரும். என் கையால ஒரு வண்டி அப்படிப் போனதில்ல."

"இந்த நோட்டு என்ன?"

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு இத்தனை பெரிய மனிதர், இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னுதான் பண்ணினேன் மில்லி" என்றார் உள்ளேயிருந்து. "சாகிறதுக்குப் பண்ணலம்மா."

"தெரியும்ப்பா. அதனாலதான் பத்திக்கிட்டு வருது."

முதல் இன்சுலினைத் தம்பிதான் போட்டான். ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிக்கொடுத்த சீட்டின்படி வயிற்றோரம், வெளிச்சத்தில் இரண்டு தடவை அளவைச் சரிபார்த்து. அப்பா கண்ணை இறுக்கிக்கொண்டு, எந்தக் காருக்கு எந்த நிறம் அடித்தோமென்று சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழாவது காரில் வேலை முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாந்தவரைப்போல. அப்புறம் தூங்கப் போனார். தம்பி இனிமேல் தலைப்பு மட்டும் படிப்பதில்லை என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு வேலைக்குப் போனான்.

மாலை ஐந்து மணி. வெயில் சாய்ந்து தையல் மெஷின்மேல் விழுந்திருந்தது. அம்மா அப்பாவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் கையைத் தூக்க முடியாது என்று கேள்விப்பட்டு அவளாகவே யோசித்த சட்டை. பக்கவாட்டில் முழுக்கத் திறந்து, ஒட்டுப் பட்டையால் மூடுகிற மாதிரி. மூன்று சட்டையில் இரண்டு முடிந்துவிட்டது.

மில்லி எதிரில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்தாள். கிளம்பலாம்தான். துப்பு துலங்கிவிட்டது, அப்பா வழிக்கு வந்துவிட்டார், பன்னிரண்டு நாள் கையில் இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று அவளை நாற்காலியோடு பிடித்து வைத்திருந்தது.

அம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஒருமுறை, இருமுறை. கண்ணைச் சுருக்கி ஊசியைத் தள்ளிப் பிடித்தாள். நாலாவது தடவைதான் கோத்தது. உடனே பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். சொம்பு காலியானது. மதியத்திலிருந்து அது மூன்றாவது சொம்பு.

இங்கே ஏது ஏசி?

மில்லி நோட்டைத் திறந்தாள். 108, 112, 110. 121, 119, 124. 138, 141, 146. தொண்ணூறு நாளாய் இதே எண்களை அப்பாவின் எண்கள் என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷச் சர்க்கரைக்காரருக்கு 146 என்றால் கொண்டாடலாம்.

இது அப்பா ரத்தம் இல்லை. அது மதியமே தெரிந்துவிட்டது. அப்படியானால் யாருடையது என்பதும் மதியமே தெரிந்துவிட்டது. ஆனால் எல்லாரும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே!

நோட்டை அம்மா பக்கம் திருப்பினாள்.

"அம்மா."

"ம்."

"இது உன் சர்க்கரை. ஏறிக்கிட்டே வருது."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா தலையைத் தூக்காமல் தையலின் ஓரம்வரை போய், நூலைக் கடித்து அறுத்தாள்.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"நான்தானே எழுதினேன். வெறும் வயித்துல நூத்தி இருபத்தாறைத் தாண்டினா சர்க்கரைன்னு நோட்டு அட்டையில நீதானே எழுதி ஒட்டி வெச்சிருக்கே. தினமும் காலையில அதைப் படிச்சிட்டுத்தானே திறக்கிறேன்."

அட்டையைப் புரட்டினாள். ஆமாம், அவளுடைய கையெழுத்துதான். சிவப்பு மையில், கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஏன் விரலைக் குத்திப் பார்த்தேன்னு கேப்பே. அவர் மாட்டிக்குவார். அதுவும் போக, ஒரு வீட்ல ஒரு நேரத்துல ஒரு நோயாளி போதும்னு இருந்தேன். அவருக்கு ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு." அம்மா சட்டையை உதறி விரித்துப் பார்த்தாள். "கை வைக்கிற இடம் கொஞ்சம் இறுக்கமோ?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"எத்தனை நாளா?"

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறார். எப்போதிருந்து நின்றார் என்று இருவருக்கும் தெரியாது.

"என்னங்க, நீங்க ஏன் எழுந்து..."

"எத்தனை நாளா தாண்டியிருக்குன்னு கேட்டேன்."

"ஒரு அஞ்சு வாரமா" என்றாள் அம்மா சின்னக் குரலில்.

அவர் மெதுவாக நடந்து வந்து மெஷின் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்து, புள்ளி புள்ளியாய் இருந்த நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார். காரின் உடம்பில் மேடு பள்ளம் பார்க்கிற விரல்கள் அவை. எதையும் தவற விடாது.

"எனக்கு வலிக்குமேன்னு உன்னைக் குத்திக்கச் சொன்னேன்" என்றார். அம்மா மற்றக் கையால் அவர் தோளைத் தட்டினாள், விடுங்கள் என்பதுபோல.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மில்லி பக்கம் கையை நீட்டினார். ஆட்காட்டி விரல், ஓரம் தெரியும்படி திருப்பியிருந்தது. இந்தத் தடவை அது கக்கத்துக்குள் போகவில்லை.

"முதல்ல எனக்குக் குத்து. அப்புறம் அவளுக்கு" என்றார். "நாளைக்கு வரும்போது இன்னொரு நோட்டு வாங்கிட்டு வா."